மேல் விளிம்பில் ஒரு நிழல்

எனக்கு மறதி அதிகம். குடையை எங்கே வைத்தேன், அடுப்பை அணைத்தேனா, கடைக்கு எதற்காக வந்தேன் எல்லாம் மறந்துபோகும். ஆனால் என்னை ஒருவர் அவமானப்படுத்தினால் மட்டும் தேதி, கிழமை, அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையின் நிறம் வரை நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். என் கணவர் இதைக் குணக்கேடு என்பார். நான் ஞாபகசக்தி என்பேன்.

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடியின் கடைசி அறை என்னுடையது. ஜன்னல் கிடையாது. ஒரு ஸ்கேன் மெஷின், இரண்டு நாற்காலிகள், ஏற்றி இறக்குகிற மேசை, வளையத்தில் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் கறுப்புத் திரைச்சீலை. நோயாளி தாடையை ஊன்றி, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, உள்ளே தெரியும் நீலப் புள்ளியைப் பார்க்க வேண்டும். மெஷின் கண்ணுக்குள் ஒளியை அனுப்பும். அது எந்தெந்த அடுக்கில் பட்டுத் திரும்புகிறது என்பதை வைத்து, கண்ணின் பின்சுவரைக் குறுக்கே வெட்டிக் காட்டுவதுபோல் படம் போடும். கத்தி இல்லாமல் வெட்டிப் பார்க்கிற இந்த வேலையை நான் பதினான்கு வருடங்களாகச் செய்கிறேன்.

இரண்டரை வருடங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு லாரி டிரைவருக்கு ஸ்கேன். மனிதரால் ஒரு நிமிடம்கூட ஆடாமல் இருக்க முடியவில்லை. அவரைத் துரத்திக்கொண்டு மெஷினை முன்னும் பின்னும் தள்ளியதில், ஒரு கட்டத்தில் அளவுக்கு மேல் கிட்டே போய்விட்டேன். கிட்டே போனால் படம் தலைகீழாகக் கவிழும். இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் அது தெரியும். பால் பொங்கினால் அடுப்பை அணைக்கிற மாதிரி, யோசிக்காமலேயே கை மெஷினைப் பின்னால் இழுத்துவிடும். அன்றைக்கு இழுப்பதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டேன். அந்தப் படமே அச்சாகி விழித்திரைப் பிரிவின் பெரிய டாக்டருக்குப் போய்விட்டது.

அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வெளிர்நீலச் சட்டை. அறையில் பயிற்சி டாக்டர்கள் ஆறு பேர், நர்ஸ், அந்த டிரைவர், அவர் மனைவி.

“ஏம்மா, பன்னெண்டு வருஷமா இதத்தான் கத்துக்கிட்டியா? தலைகீழா எடுத்துட்டு வந்திருக்கே. நான் என்ன, ஃபேன்ல தொங்கிக்கிட்டா பாக்கணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார், ஆடியது அவர்தான் என்ற கூச்சமே இல்லாமல். அன்றிலிருந்து எனக்கு ஆஸ்பத்திரியில் ‘தலைகீழ்’ என்று பெயர். லிஃப்ட்காரர்கூட, “என்ன தலைகீழக்கா, மேலயா கீழயா?” என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மாடியையும் நடந்தே ஏறினேன்.

டாக்டர் கிழித்துப் போட்ட அந்தப் படத்தைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். எதற்கு என்று கேட்டால், திட்டுவதற்கு ஒரு பொருள் வேண்டாமா? சாப்பாட்டு நேரத்தில் மேசை மேல் ஒட்டுப்போட்டு வைத்து அதைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய் அடுக்கு எப்போதும் சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடக்கும். இந்தக் கிழிசலில் அது பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு குழாயும் தனித்தனியாகத் தெரிந்தது.

காரணம் எளிது. மெஷினுக்குத் திரையின் மேல் விளிம்பை ஒட்டி விழுவதுதான் கூர்மையாகத் தெரியும். கீழே போகப் போக மங்கும். நேரான படத்தில் விழித்திரை மேலே, ஆழத்தில் இருக்கும் அடுக்கு கீழே. கவிழ்ந்த படத்தில் ஆழத்தில் இருப்பது மேல் விளிம்புக்கு வந்துவிடுகிறது. நாங்கள் எல்லோரும் பதறிப் பின்னால் இழுத்ததால், இத்தனை வருடமும் யாரும் அதை நின்று பார்க்கவில்லை.

எனக்கு ஒரு கண் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரிக்கு எதிரே கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறாள் என் நாத்தனார், கணவரின் தங்கை. கண்ணாடியைக் கழற்றினால் நானும் கதவும் அவளுக்கு ஒன்றுதான். அவளைச் சாப்பாட்டு நேரத்தில் இழுத்து வந்து உட்கார வைத்தேன். நோயாளி எண் இல்லாதவரை மெஷின் ஏற்காது. அதனால் எல்லாமே பூஜ்யமாக ஒரு எண்ணைப் போட்டு, பெயர் இருக்கும் இடத்தில் ‘சோதனை’ என்று அடித்து ஒரு பொய் நோயாளியை உண்டாக்கினேன்.

“நாத்தனார்னா அண்ணியப் போட்டு ஆட்டி வைக்கணும். இங்க நான் முகவாக்கட்டைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்பாள் அவள்.

“பேசாதடி, படம் ஆடுது.”

“மூச்சாவது விடலாமா அண்ணி?”

“மெதுவா விடு.”

ஆறு மாதம். எவ்வளவு கிட்டே போகலாம், எத்தனை படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளி புள்ளியான இரைச்சல் போய்க் கோடு நிற்கும், சொட்டு மருந்து போட்டு எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும், எப்போது சிமிட்டச் சொல்ல வேண்டும் எல்லாம் அந்த ஒரு ஜோடிக் கண்ணில் கற்றுக்கொண்டேன். நூறு படம் அடுக்கினால் போதும். நூற்றைம்பது என்றால் நாத்தனார் எழுந்து போய்விடுவாள்.

நடுவில் ஒருநாள் உயிரே போய்விட்டது. அவள் படத்தில் மேல் விளிம்பை ஒட்டிக் கறுப்பாக ஒரு மேடு. கட்டி என்றே நினைத்தேன். அவளுக்குத் தெரியாமல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அழுதேன். பிறகு கை தானாக மெஷினை ஒரு நூலளவு பின்னால் இழுத்தது. அடுக்கு ஒரு பக்கம் நகர, அந்த மேடு எதிர்ப்பக்கமாக ஓடி மறைந்துபோனது. அவளுடையது நீளமான கண். ஆழமான பகுதி மேல் விளிம்பைத் தாண்டிப் போய், மடிந்து கீழே விழுந்த நிழல்தான் அது. அன்றிலிருந்து மேலே எந்த நிழலைப் பார்த்தாலும் ஒரு நூல் பின்னால் இழுப்பேன். மடிப்பு என்றால் எதிர்த்திசையில் ஓடும். நிஜம் என்றால் அடுக்கோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும்.

படங்களையும், முறையை எழுதிய நான்கு பக்கங்களையும் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். அவர் மேசையில் வைக்கச் சொன்னார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் கட்டுரை வெளிவந்தது. கண்ணின் ஆழத்தைப் பார்க்க ஒரு புதிய வழி. என் நாத்தனாரின் கண்கள் மூன்று பக்கங்களில் இருந்தன. கடைசி வரியில், ‘தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு நன்றி’. எத்தனை பேர் அந்தப் பணியாளர்கள்? நான் ஒருத்திதான்.

வயிறு எரிந்தது. சண்டைக்குப் போகலாம் என்றுதான் கட்டுரையை முழுவதும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் கிடைத்தது. ‘கவிழ்ந்த படத்தில் மேல் விளிம்பை ஒட்டித் தெரியும் நிழல்கள் மடிப்பினால் வருபவை, பொருட்படுத்தத் தேவையில்லை.’

ஒரு நூல் பின்னால் இழுக்கிற சோதனை என் நான்கு பக்கங்களில் இல்லை. கைப்பழக்கத்தை யார் எழுதி வைப்பார்கள்? நான் ‘சில நிழல்கள்’ என்று எழுதியிருந்தேன். அவர் ‘சில’ என்பதைத் தூக்கிவிட்டார். என்ன செய்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்தத் தவறை நான் யாரிடமும் சொல்லவில்லை. பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாப் படமும் என் கை வழியாகத்தான் போகும், நான் சோதித்துத்தான் அனுப்புவேன், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற ஆஸ்பத்திரிகளைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்தால் வாயைத் திறக்க வேண்டி வரும்.

நேரம் வந்தது. ஆஸ்பத்திரி ‘ஆழப் பட மையம்’ ஒன்றைத் திறப்பதாகவும், பெரிய டாக்டர் அதற்குத் தலைவர் என்றும், பல ஊர் டாக்டர்கள் நூறு பேர் முன்னிலையில் அவர் முறையைச் செய்துகாட்டுவார் என்றும் அறிவித்தார்கள். அதுவும் அவருடைய கண்ணிலேயே. மெஷினை இயக்க மட்டும் நான். விளம்பரத்துக்குக் கண்ணைக் கொடுக்கிற மனிதர், பெயரைக் கொடுக்க மாட்டேன் என்கிறாரே என்று நினைத்தேன். உடனே என் திட்டமும் தயாராகிவிட்டது. மேடையில் வேண்டுமென்றே அளவுக்கு மேல் கிட்டே போய் ஒரு மடிப்பை வரவழைப்பேன். அவர் வழக்கம்போல் பொருட்படுத்தாதீர்கள் என்பார். மைக்கில் நான் கேட்பேன்: மடிப்புன்னு எப்படித் தெரியும் டாக்டர்? நூறு பேர் முன்னால் அவர் விழிப்பார். அது போதும் எனக்கு.

மடிப்பு எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பார்க்க ஒத்திகை வேண்டும் என்றேன். வியாழக்கிழமை மதியம் வந்தார், சாம்பல் நிறச் சட்டை. தாடையை ஊன்றினார். அவரும் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லோரையும்போல் கழுத்தை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. எண் இல்லாதவர் என்பதால் ‘சோதனை’ கோப்பிலேயே அவரையும் போட்டேன்.

நான் கிட்டே போவதற்கு முன்பே நிழல் இருந்தது. இடது கண்ணில், மேல் விளிம்பை ஒட்டி, வழவழப்பாக ஒரு கறுப்பு மேடு. மடிப்பு இவ்வளவு சீக்கிரம் வராதே என்று ஒரு நூல் பின்னால் இழுத்தேன். அது ஓடவில்லை. அடுக்கோடு ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. முன்னால் தள்ளினேன், கூடவே போனது. மூன்று தடவை செய்தேன்.

“எப்படிம்மா வந்திருக்கு?” என்றபடி எழுந்து வந்து திரையைப் பார்த்தார். “மேல ஏதோ தெரியுதே. மடிப்பா?”

இப்போது எழுதும்போதுகூட அந்த நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“ஆமா டாக்டர்” என்றேன்.

“கட்டுரையில போட்டிருக்கேன்ல. மேடையிலயும் இதே மாதிரி வரணும், அத வச்சே விளக்கிடலாம்.”

“வந்துடும் டாக்டர்.”

செய்துகாட்டும் விழா அதற்கு அடுத்த வாரத்தையும் தாண்டி, திங்கட்கிழமை. நடுவில் பதினொரு நாள்.

மறுநாள் கண்ணாடிக் கடைக்குப் போனேன். நாத்தனார் ஒரு லென்ஸை மெஷினில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிரீச் சத்தத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

“அண்ணி, இப்பவே போய்ச் சொல்லிடுங்க.”

“சொன்னா நம்புவாரா? மடிப்புன்னுதான் சொல்வார். உனக்கு என்னடி தெரியும் தலைகீழ்னு கேப்பார்.”

“அவர் நம்புறது நம்பாதது அவர் பாடு. நீங்க சொல்லுங்க.”

“பதினோரு நாள்ல என்னடி ஆயிடும்? எத்தனை மாசமா இருக்கோ அது.”

“என் கண்ணுல பாத்தப்ப எத்தனை நிமிஷம் பொறுத்தீங்க?”

எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் புத்தி சொல்ல இவள் யார் என்று அன்று மாலை வரை அவள் மேலும் ஒரு கோபம் இருந்தது.

பதினொரு நாளும் அவரைத் தினமும் பார்த்தேன். காலையில் லிஃப்டுக்குக் காத்திருப்பார், படங்கள் கேட்டு ஃபோன் செய்வார், இடது கண்ணை ஒருமுறை கசக்குவார். கசக்கும்போது மட்டும் நான் வேறு பக்கம் பார்த்தேன். ஆனால் இரவில் நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை. அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் மெஷின், பின்னால் சுவர் அகலத்துக்குத் திரை. முன்வரிசையில் நிர்வாக இயக்குநர் அம்மா, அவருக்குப் பக்கத்தில் கண் கட்டிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு வயதான நிபுணர். பெரிய டாக்டர் நன்றாகப் பேசினார். தற்செயலாக ஒருநாள் கவிழ்ந்த படம் ஒன்றைப் பார்த்தபோது தனக்குத் தோன்றியது என்றார். அந்தத் தற்செயலைப் பார்த்து அன்றைக்கு ஃபேனில் தொங்கவா என்று கேட்டதைப் பற்றி அவர் சொல்லவில்லை. தாடையை ஊன்றி உட்கார்ந்தார். நான் அதே ‘சோதனை’ கோப்பில் நூறு படம் எடுத்து அடுக்கினேன். அவர் கண் சுவர் அகலத்துக்கு விரிந்தது.

மைக்கோடு எழுந்து திரும்பிப் பார்த்தார். “மேல் விளிம்புல ஒரு நிழல் தெரியுது பாருங்க. பயப்பட வேண்டாம். இது மடிப்பு. கவிழ்ந்த படத்துல வர்றதுதான், பொருட்படுத்தத் தேவையில்ல.”

“டாக்டர்” என்றேன். எனக்கு மைக் இல்லை. ஆனால் என் தொண்டை பெரியது. “ஒரு நிமிஷம் திரும்ப உக்காருங்க. மடிப்பு தானான்னு பாத்துடலாம்.”

“என்னம்மா?”

“மெஷின ஒரு நூல் பின்னால இழுத்தா மடிப்பு எதிர்ப்பக்கம் ஓடணும். உங்க கட்டுரையில அது விட்டுப்போச்சு.”

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். மறுக்க முடியாமல் உட்கார்ந்தார். நான் இழுத்தேன். சுவர் முழுவதும் அடுக்கு கீழே நகர்ந்தது. மேடும் கூடவே நகர்ந்தது. தள்ளினேன், கூடவே ஏறியது. சிரித்தவர் நிறுத்திவிட்டார். வயதான நிபுணர் எழுந்து திரைக்கு மிக அருகில் போய் நின்றார்.

பெரிய டாக்டர் முகம் வெளுத்துவிட்டது. கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்ப்பதும், என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பொய் சொல்ல மாட்டேன், என் வயிறு குளிர்ந்தது. இரண்டரை வருடச் சிரிப்பு அத்தனையும் அந்த அரங்கத்தில் செத்து விழுந்தது.

“கெடுதல் இல்லாத மச்சமாவும் இருக்கலாம். கட்டியாவும் இருக்கலாம்” என்றார் நிபுணர். “அடியில லேசா நீர் கோத்திருக்கு. புதுசா பழசான்னு தெரியல. வளருதான்னு தெரிஞ்சாதான் முடிவெடுக்க முடியும்.” என் பக்கம் திரும்பினார். “முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்கா?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. என் திட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

“இல்ல” என்றேன்.

“அப்ப மூணு மாசம் பொறுத்து இன்னொண்ணு எடுத்து ஒப்பிட்டுப் பாப்போம்” என்றார் அவர்.

அன்று மாலை இயக்குநர் அம்மா தன் அறைக்கு வரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்லிப் பழக்கமில்லாதவர். என்னை உட்காரச் சொன்னார்.

“அந்த சோதனை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“முறையே என்னுதும்மா.”

“அவர் இல்லைங்கிறார். ஆதாரம் இருக்கா?”

“மெஷின்ல இருக்கு. முதல் படத்துலேர்ந்து தேதியோட இருக்கு.”

“வெள்ளிக்கிழமை அவரையும் வச்சுக்கிட்டுத் திறந்து காட்டுங்க.”

படி இறங்கும்போதுதான் உறைத்தது. அந்த முதல் படம் ‘சோதனை’ கோப்பில் இருக்கிறது. அதே கோப்பில், திங்கட்கிழமைப் படத்துக்கு முந்தியதாக, வியாழக்கிழமைப் படம் இருக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்தால் மெஷின் கடைசி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் காட்டும், அதன் பழக்கம் அப்படி. ஒன்றை அழித்தால் வரிசை எண்ணில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த கோப்பை ஆதாரம் என்று யார் ஏற்பார்கள்?

அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, எனக்கு மட்டும் திறந்து பார்த்தேன். வியாழக்கிழமை மேட்டுக்கு அடியில் நீர் இல்லை. திங்கட்கிழமை, தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, பார்வையின் மையத்தை நோக்கி நீண்டிருந்தது. நிபுணர் கேட்ட பழைய படம் இதுதான். இது இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம்.

நாத்தனாரிடம் சொன்னேன். இந்த முறை அவள் மெஷினை நிறுத்தவில்லை. தேய்த்துக்கொண்டே பேசினாள்.

“திறக்கலன்னா?”

“முறை அவருதாவே இருக்கும். அவர் மூணு மாசம் காத்துக்கிட்டிருப்பார்.”

“திறந்தா?”

“முறை என்னுதாகும். அன்னிக்கே எனக்குத் தெரியும்ங்கிறதும் தெரிஞ்சுபோகும். வேலை போகலாம்.”

“எதுக்காகத் திறக்கப்போறீங்க, அவர் கண்ணுக்காகவா, உங்க பேருக்காகவா?”

“இன்னும் திறக்கிறேன்னே சொல்லலையே.”

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாளும் இருக்கட்டுமே, காத்திருக்கட்டுமே என்றுதான் மனம் சொன்னது. அவரைத் தாழ்வாரத்தில் பார்த்தேன். ஒரு கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் இருந்த அறிவிப்பை இடது கண்ணால் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மாற்றி மூடினார். நோயாளிகள் எல்லோரும் வீட்டில் ரகசியமாகச் செய்வது. நான் நின்றேன். அவர் என்னைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார். அந்த அவசரத்தைப் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். பார்த்தும்விட்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை என் அறையில் மூன்று பேர். இயக்குநர் அம்மா கதவோரம் நின்றார். பெரிய டாக்டர் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார், என்னுடையதை விட்டால் வேறு நாற்காலி இல்லை. நல்ல மனதால் திறந்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் பெயருக்காகத்தான் திறந்தேன். பெயர் இல்லாமல் இன்னொரு நாள்கூட என்னால் அந்த லிஃப்டில் ஏற முடியாது. மற்றது அதோடு சேர்ந்து வந்தது, நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

‘சோதனை’ என்று அடித்தேன். இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. உருட்டிக் கீழே போய்விடலாம் என்று முன்பு நினைத்திருந்தேன். கை நகரவில்லை.

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். முதலில் தேதியைப் பார்க்கவில்லை. டாக்டராகத்தான் பார்த்தார்.

“இதுல நீர் இல்ல. இதுல இருக்கு” என்றார். “கிட்ட வந்துக்கிட்டிருக்கு. இது மச்சம் இல்ல.” முதல் தடவையாகச் சரியாகப் படித்தார். அதற்குப் பிறகுதான் தேதியைப் படித்தார். உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார்.

“பதினோரு நாள்” என்றேன், அவர் எண்ணி முடிப்பதற்குள்.

“அன்னிக்கே தெரியுமா?” என்றார் இயக்குநர் அம்மா.

“தெரியும். மூணு தடவ இழுத்துப் பாத்தேன்.”

“மேடையில பழைய படம் இல்லன்னு சொன்னீங்களே?”

“பொய் சொன்னேன்.”

நான் கோப்பின் அடிவரைக்கும் உருட்டினேன். இரண்டரை வருடத்துக்கு முந்திய தேதி, என் நாத்தனாரின் நீளமான கண், கோணலாக, பாதி இரைச்சலாக. அதற்கு மேல் அடுத்தடுத்து நூற்றுக்கணக்கில்.

“முறை யாருது டாக்டர்?” என்றார் இயக்குநர் அம்மா.

“அவங்களுது.”

இரண்டரை வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. சுவரில் முட்டிக்கொண்டதுபோல் நின்றேன். சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அதனால் கோபத்தையே இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

“அன்னிக்குச் சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பீங்களா டாக்டர்? மடிப்புன்னுதானே சொல்லியிருப்பீங்க. எனக்கு என்ன தெரியும்னு கேட்டிருப்பீங்க.”

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பதினொரு நாளும் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

“கேட்டேனே. மடிப்பான்னு உங்களத்தானே கேட்டேன். நீங்க ஆமான்னீங்க, அப்படியே நம்பினேன். உங்க படத்த நம்பாமலா திருடினேன்?”

நான் கோப்பை மறுபடி மேலே, அந்த இரண்டு படங்களுக்கே உருட்டினேன்.

இயக்குநர் அம்மா நிபுணரை ஃபோனில் கூப்பிட வெளியே போனார். போகும்போது, “இன்னிக்கு நடந்தத ரெண்டு பேர் தப்பையும் சேத்து எழுதித்தான் ஆகணும்” என்றார். சரி என்றேன். டாக்டர் எழுந்தார், இரண்டு படங்களையும் அச்செடுத்துத் தரும்படி கேட்டார். நிபுணருக்குக் காட்ட வேண்டும்.

அச்சு மெஷின் இரண்டையும் மெதுவாக வெளியே தள்ளியது. தாள்களை வாங்கிக்கொண்டு, இடது கண்ணுக்கு அருகில் பிடித்து, முடியாமல் வலது கண்ணுக்கு மாற்றி, மூலையில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தார். மெஷின் எல்லாப் படத்திலும் தானாகவே போடுகிற வரிதான். படம் எடுத்தவர் என்று இருக்கும், அதற்குப் பக்கத்தில் என் முழுப்பெயர். அவர் அதை வாய்விட்டு, எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தார். வியாழக்கிழமைத் தாளில் ஒருமுறை, திங்கட்கிழமைத் தாளில் ஒருமுறை.